‘பிக் அப்’ என்றால் தூக்குவது மட்டும்தானா?

“ஸ்டேஷன்ல பிக்கப் பண்ண வரேன்.” “எத்தனை தடவ அடிச்சாலும் போனை பிக்கப் பண்ண மாட்டேங்கிறான்.” “வண்டியில பிக்கப்பே இல்ல, மெக்கானிக்கிட்ட காட்டுங்க.” “முதல் ரெண்டு நாள் கூட்டமில்ல, ஞாயித்துக்கிழமை படம் பிக்கப் ஆயிடுச்சு.”

நான்கு வாக்கியங்களிலும் நான்கு வேறு பொருள். ஒன்றில் ஆளை ஏற்றிக்கொண்டு போவது, இன்னொன்றில் அழைப்பை எடுத்துப் பேசுவது. அடுத்ததில் வண்டி சட்டென்று வேகம் பிடிப்பது, கடைசியில் வசூல் ஏறுவது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்காதவர்கள்கூட இதில் குழம்புவதில்லை.

அதே சொல் ஆங்கிலப் பாடத்தில் வந்தால் மட்டும் நிலைமை மாறிவிடுகிறது. ‘பிக் அப் = லிஃப்ட், கலெக்ட், ஆன்சர், லேர்ன், இம்ப்ரூவ், கேட்ச், டிடெக்ட், அரெஸ்ட்’ என்று ஒரே வரியில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுகிறார்கள். இந்தப் பட்டியலில் ஒரு சொல்லும் தப்பில்லை. பட்டியலாகப் போடுவதுதான் தப்பு. ‘லேர்ன்’ என்பதும் ‘அரெஸ்ட்’ என்பதும் ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவை. இரண்டும் ‘பிக் அப்’புக்கு இணையாக வருகின்றன என்றால், வெவ்வேறு வாக்கியங்களில், வெவ்வேறு செயப்படுபொருளோடு வருகின்றன என்றுதான் அர்த்தம்.

நம்ம ‘எடு’வை ஒருமுறை பாருங்கள்

தமிழ் கற்கும் ஒருவருக்கு ‘எடு’ என்ற சொல்லை எப்படிச் சொல்லித் தருவீர்கள்? பென்சிலை எடு என்றால் கையில் எடுப்பது. போனை எடு என்றால் பேசுவது. தீபாவளிக்குத் துணி எடுத்தோம் என்றால் வாங்கினோம். நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தாள் என்றால் மதிப்பெண் பெற்றாள். ரயில் வேகமெடுத்தது, குழந்தைக்குப் பசியெடுத்தது, வாத்தியார் பாடம் எடுத்தார், அப்பா லீவு எடுத்தார்.

‘எடு = வாங்கு, பேசு, பெறு, கற்பி’ என்று எழுதிக்கொடுத்தால் அந்த மாணவர் ‘கடைக்குப் போய் அரிசி கற்பித்தேன்’ என்று எழுதிவைப்பார். நமக்கு அந்தத் தவறு வராததற்குக் காரணம், ‘எடு’வை நாம் ஒருபோதும் தனியாகக் கேட்டதில்லை. துணியோடு கேட்டோம், போனோடு கேட்டோம், மார்க்கோடு கேட்டோம். பொருளை முடிவுசெய்வது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொல்.

‘பிக் அப்’பும் அப்படியேதான். சொல்லப்போனால் பாதி வழி இரண்டும் கைகோத்தே நடக்கின்றன. பென்சில், போன், துணி, மார்க், வேகம் ஆகிய ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ என்று சொல்லலாம்.

இரண்டு சொல், ஒரு வினை

ஒரு வினைச்சொல்லும் ‘அப், ஆஃப், அவுட், ஆன், டவுன்’ போன்ற ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக வேலை செய்தால் அதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். அந்தக் குட்டிச் சொல்லை இலக்கணம் பார்ட்டிகிள் என்கிறது. இங்கே துணைச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் பிரித்துப் பொருள் கூட்டினால் சில சமயம் கணக்கு சரியாக வரும், பல சமயம் வராது. நமக்கு இது புதிதல்ல. ‘பின்வாங்கு’ என்பதில் யாரும் கடையில் எதையும் வாங்கவில்லை. ‘கைவிடு’ என்பதில் கை எங்கும் போய்விடவில்லை. ‘மேற்கொள்’, ‘உட்கொள்’, ‘எதிர்கொள்’ எல்லாம் இதே குடும்பம். தமிழில் துணைச்சொல் முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி முன்னொட்டு வைத்த வினைகள் நிறைய இருந்தன. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ போன்றவை அந்தக் காலத்தின் மிச்சம். பிற்காலத்தில் அந்த வழக்கம் தேய்ந்து, துணைச்சொல் வினைக்குப் பின்னால் இடம் மாறிக்கொண்டது.

வெளியாட்களுக்கு இது கடினம் என்பது ஆங்கிலேயருக்கே தெரிந்த விஷயம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையில், வினைக்குப் பின்னால் துணைச்சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்மொழிக்காரர்களுக்கு மிகப்பெரிய சிரமம் என்று எழுதியிருக்கிறார். ஆகவே தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வினையும் துணைச்சொல்லும் உண்மையிலேயே ஒட்டியிருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹி ரான் அப் எ ஹில்’ என்றால் மலைமேல் ஓடினான். ‘ஹி ரான் அப் எ பில்’ என்றால் கடன் கணக்கை ஏற்றிவிட்டான். பார்க்க ஒரே அச்சு. இப்போது ‘அப்’பைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ‘ஹி ரான் எ பில் அப்’ நிற்கும். ‘ஹி ரான் எ ஹில் அப்’ நிற்காது. முதல் வாக்கியத்தில் ‘அப்’ மலையோடு சேர்ந்தது, வெறும் திசை காட்டுகிறது. இரண்டாவதில் அது வினையோடு சேர்ந்தது. ஃப்ரேசல் வெர்ப் என்பது இரண்டாவது வகை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ‘பிக் அப்’ இரண்டு துண்டாகத் தெரிந்தாலும் ஒரே வினை. அதன் பொருளை அடுத்து வரும் சொல் முடிவுசெய்கிறது. ‘எடு’வுக்கும் அதுதான் விதி.

அடியில் இருப்பது இரண்டே காட்சிகள்

அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’புக்குப் பத்துப் பதினைந்து பொருள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தால் அடியில் இரண்டு காட்சிகள் கிடக்கின்றன.

முதல் காட்சி: ஏதோ ஒன்று கிடக்கிறது; குனிந்து எடுத்து நம்முடையதாக்கிக்கொள்கிறோம். தரையில் கிடக்கும் பேனா இதன் வெளிப்படையான வடிவம். அங்கிருந்து ஒவ்வொரு படியாக நகர்ந்து பாருங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஆளை வண்டி ஏற்றிக்கொள்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் பால் பாக்கெட் எடுத்துக்கொள்கிறோம். போலீஸ் ஒருவரை விசாரணைக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. தமிழ்ப் பேச்சிலும் ‘போலீஸ் தூக்கிடுச்சு’ என்றுதானே சொல்கிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும் குழந்தை அவர்கள் மொழியை எடுத்துக்கொள்கிறது. பயணத்தில் சளி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டெனா அலையைப் பிடிக்கிறது, மைக் பக்கத்து அறைப் பேச்சைப் பிடிக்கிறது, மோப்ப நாய் வாசனையைப் பிடிக்கிறது. விருது, மதிப்பெண், புள்ளி எல்லாம் கைக்கு வந்து சேர்கின்றன. ஹோட்டலில் மேசைமேல் கிடக்கும் பில்லை எடுத்தவர் பணம் கட்டுகிறார். அதனால்தான் ‘பிக் அப் த பில்’ என்றால் செலவை ஏற்பது என்றாகிவிட்டது. நேற்று பாதியில் கீழே வைத்த வேலையை இன்று மறுபடி எடுக்கிறோம். ‘பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்’ என்பது அதுதான்.

இவை அனைத்திலும் ஒரு பொதுச் சாயல் உண்டு. பெரும்பாலும் திட்டமிட்டு, மெனக்கெட்டுச் செய்யும் காரியம் இல்லை. போகிற போக்கில், வழியில் கிடைத்ததை எடுத்துக்கொள்வது. இந்தச் சாயலை விட்டுவிட்டால் பாதிச் சொல்லை விட்டுவிட்டதாக அர்த்தம்.

இரண்டாவது காட்சி: தாழ்ந்து கிடந்த ஒன்று தானாகவே மேலே ஏறுகிறது. வியாபாரம் சூடு பிடிக்கிறது, காற்று பலக்கிறது, நோயாளியின் உடம்பு தேறுகிறது, மழை நின்ற பிறகு விற்பனை ஏறுகிறது. இதில் எடுப்பவர் யாரும் இல்லை. அதனால் செயப்படுபொருளும் இல்லை. ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். தமிழ் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை என்று படித்தோமே, அது.

இந்த இரண்டாம் காட்சியைத் தருவது ‘அப்’ என்ற துணைச்சொல். அதன் முதற்பொருள் மேலே. மேலே போனால் அளவு கூடும் என்பதால் ‘ஸ்பீட் அப்’, ‘டர்ன் அப்’ என்று அதிகரிப்பைக் குறிக்கும். விளிம்புவரை நிரம்பினால் முடிந்தது என்பதால் ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ என்று மிச்சமில்லாமல் தீர்ப்பதையும் குறிக்கும். தமிழில் ‘தின்றுவிட்டான்’, ‘தீர்த்துவிட்டான்’ என்பதில் உள்ள ‘விடு’ செய்யும் வேலை இந்தக் கடைசி வேலைக்கு மிகவும் நெருக்கம்.

போனுக்கு வருவோம். மேசைமேல் இருந்த பழைய போனில் ரிசீவரைத் தூக்கினால்தான் பேச முடியும். தூக்குவதும் பதில் பேசுவதும் ஒரே செயலாக இருந்தன. இன்று திரையில் விரலைத் தடவுகிறோம், எதையும் தூக்குவதில்லை. ஆனாலும் ஆங்கிலம் ‘பிக் அப்’ என்கிறது, நாமும் ‘போனை எடு’ என்கிறோம். கருவி போனாலும் சொல் தங்கிவிட்டது.

ஒத்த சொல் எங்கே ஒக்கும்?

ஒத்த சொல் என்பது சொல்லுக்குக் கிடைப்பதில்லை, பொருளுக்குக் கிடைக்கிறது. ‘பிக் அப்’புக்கு ஒத்த சொல் என்ன என்ற கேள்வியே அரைக்கேள்வி. எதை பிக் அப் செய்வது என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

பேனா, பெட்டி என்றால் ‘லிஃப்ட்’. ஆள், பார்சல் என்றால் ‘கலெக்ட்’. பள்ளியிலிருந்து குழந்தையை ‘கலெக்ட்’ செய்வது பிரிட்டன் வழக்கு, அமெரிக்கர்கள் ‘பிக் அப்’பையே விரும்புவார்கள். போன் என்றால் ‘ஆன்சர்’. பால், ரொட்டி என்றால் ‘பை’. அலை, ஒலி என்றால் ‘டிடெக்ட்’ அல்லது ‘ரிசீவ்’. குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் ‘அரெஸ்ட்’ அல்லது ‘டீட்டெய்ன்’. விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் ‘ரெஸ்யூம்’. அமெரிக்க வீடுகளில் அறையை ‘பிக் அப்’ செய்யச் சொன்னால் சிதறிக் கிடப்பதை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார்கள், அதற்கு இணை ‘டைடி’.

மீதமுள்ள மூன்றுதான் வழக்கமாக வழுக்கிவிடும் இடங்கள்.

‘லேர்ன்’: வகுப்பில் உட்கார்ந்து, புத்தகம் வைத்து, தேர்வு எழுதிக் கற்பதை ‘பிக் அப்’ என்று சொல்ல முடியாது. பெங்களூருக்குக் குடிபோன தமிழ்க் குழந்தை தெருவில் விளையாடியே கன்னடம் பேசத் தொடங்கினால் ‘பிக்ட் அப் கன்னடா’ சரி. ஐந்து வருடம் கல்லூரியில் மருத்துவம் படித்தவர் ‘ஐ பிக்ட் அப் மெடிசின் இன் காலேஜ்’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால், அரைகுறையாகக் கேட்டு அறிந்துகொண்டதாகத்தான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

‘கேட்ச்’, ‘கான்ட்ராக்ட்’ (இங்கே ஒப்பந்தம் அல்ல, நோய் தொற்றிக்கொள்வது): சளி, வயிற்றுக் கோளாறு, கிருமித் தொற்று போன்றவற்றுக்கு ‘பிக் அப்’ பொருந்தும். தொற்றாத நோய்க்குப் பொருந்தாது. புற்றுநோயையோ நீரிழிவையோ யாரும் வழியில் எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவ அறிக்கையில் மலேரியாவுக்கு ‘கான்ட்ராக்ட்’ என்று வரும். வீட்டில் சளியைப் பற்றிப் பேசும்போது அதே சொல்லைப் போட்டால் விறைப்பாக ஒலிக்கும்.

‘இம்ப்ரூவ்’: வியாபாரமும் உடல்நிலையும் ‘இம்ப்ரூவ்’ ஆகலாம். காற்று ஆகாது. ‘த விண்ட் பிக்ட் அப்’ என்பதற்கு இணை ‘ஸ்ட்ரெங்தன்’, அதாவது பலத்தது. வேகம் என்றால் ‘இன்க்ரீஸ்’ அல்லது ‘கெய்ன்’. ஒரே காட்சிக்குள்ளேயே ஒத்த சொல் இப்படி எழுவாயைப் பார்த்து மாறுகிறது.

இன்னொரு பொருளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். விருந்திலோ மதுக்கூடத்திலோ அறிமுகமில்லாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து உறவுக்கு அழைப்பதையும் ‘பிக் அப்’ என்பார்கள். ‘ஐ பிக்ட் ஹெர் அப் அட் த ஏர்போர்ட்’ என்பதில் சந்தேகம் வராது. விமான நிலையத்தின் இடத்தில் ‘பார்’ வந்தால் வாக்கியம் வேறு எங்கோ போய்விடும். அங்கே ‘ஐ கேவ் ஹெர் எ லிஃப்ட் ஃப்ரம் த பார்’ என்று எழுதினால் வண்டியில் கொண்டுவிட்டதாக மட்டும் பொருள்படும்.

வீட்டுச் சொல்லும் அலுவலகச் சொல்லும்

மேலே வந்த இணைச்சொற்களில் ‘கலெக்ட், டிடெக்ட், ரெஸ்யூம், கான்ட்ராக்ட், அரெஸ்ட்’ எல்லாம் ஒரு மாதிரி உடுத்திக்கொண்டு நிற்பது தெரிகிறதா? அதற்கு வரலாறு இருக்கிறது. 1066-இல் பிரெஞ்சு பேசும் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பின் சில நூற்றாண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நடந்தது; தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. மேலே சொன்ன சொற்கள் அந்த இரண்டு மொழிகளின் வழியாக வந்தவை. ‘புட், செட், பிரேக், கம்’ போன்ற குட்டி வினைகள் வீட்டிலும் வயலிலும் புழங்கின. இன்றைக்கும் ஒரே செயலுக்கு வீட்டில் பேச ஒரு சொல், ஆவணத்தில் எழுத ஒரு சொல் என்று ஆங்கிலத்தில் இரண்டு அடுக்கு இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

தமிழர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ‘ஆள் செத்துட்டான்’, ‘இறந்துவிட்டார்’, ‘காலமானார்’ மூன்றும் ஒரே செய்தி. எதை எங்கே சொல்லலாம் என்று நமக்குத் தெரியும். ‘பிக் அப்’ கொச்சை அல்ல, பிழையும் அல்ல. செய்தித்தாளில் வரும், நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் வரும். சட்ட ஆவணம், ஆய்வுக் கட்டுரை, காவல்துறை அறிக்கை போன்ற இடங்களில் மட்டும் உடுத்திய சொல்லைத் தேடுங்கள். கையில் எடுக்கும் பொருள்களுக்கு ‘பிக் அப்’ எங்கும் சரியே.

சுருக்கமாக: முதலில் எதை என்று கேளுங்கள், பிறகு எந்தக் காட்சி என்று பாருங்கள், கடைசியாக யாருக்கு எழுதுகிறோம் என்று பாருங்கள். இந்த வரிசையில் போனால் சரியான இணைச்சொல் ஒன்றிரண்டுக்குள் வந்து நின்றுவிடும்.

‘அப்’பைத் தொலைத்தால்

நம் ஊர் ஆங்கிலத்தில் தினமும் கேட்கும் இரண்டு வாக்கியங்கள்: ‘ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்’, ‘ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்’. நமக்குள் புரிந்துவிடுகிறது. வெளிநாட்டு அலுவலகத்தோடு பேசும்போதுதான் இடறுகிறது. ‘அப்’ இல்லாத ‘பிக்’ என்றால் தேர்ந்தெடு அல்லது பறி. பூவைப் பறிப்பது ‘பிக்’. அணிக்கு ஆளைத் தேர்வு செய்வது ‘பிக்’. ஆறு மணிக்கு உங்களைத் தேர்ந்தெடுப்பேன் என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் ஒரு கணம் நின்று யோசிக்கத்தானே செய்வார்? ‘ஹி இஸ் நாட் ஆன்சரிங் மை கால்’ என்றோ ‘ஹி இஸ் நாட் பிக்கிங் அப்’ என்றோ சொல்லலாம். இரண்டாவதில் போன் என்ற சொல்லே தேவையில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அதன் காரணம் சுவையானது. தமிழ் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது ‘பிக்கப்’ என்று ஒரே கட்டியாக வாங்கி, பின்னால் ‘பண்ணு’ சேர்த்துக்கொண்டது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் அதை உடைக்க மனம் வருவதில்லை. ‘ஐ வில் பிக்கப் யூ’ என்று வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் செயப்படுபொருள் ‘மீ, யூ, ஹிம், ஹெர், இட், தெம்’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பிக் யூ அப்’, ‘பிக் இட் அப்’.  சாதாரணப் பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். ‘பிக் த பென் அப்’, ‘பிக் அப் த பென்’ இரண்டும் சரி. நேற்று மதுரையிலிருந்து வந்த என் மாமாவின் இரண்டு பெட்டிகளை என்பதுபோல் நீளமாக இருந்தால் நடுவில் வைக்காதீர்கள். ‘அப்’ வருவதற்குள் கேட்பவருக்கு ‘பிக்’ மறந்துவிடும்.

இறந்தகாலத்திலும் இதே கட்டிதான் தொல்லை. ‘பிக்கப்ட்’ என்று ஒரு வடிவம் இல்லை. காலம் காட்டும் ஒட்டு வினையில் சேரும், துணைச்சொல்லில் சேராது: ‘பிக்ட் அப்’, ‘பிக்கிங் அப்’. எழுதும்போதும் வினை என்றால் இரண்டு சொல், நடுவில் இடைவெளி. சேர்த்தெழுதும் ‘பிக்கப்’ பெயர்ச்சொல். சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி, கிடாரில் கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், வண்டியின் பிக்கப் எல்லாம் பெயர்ச்சொல்லின் பிள்ளைகள்.

காதும் இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். பெயர்ச்சொல்லில் அழுத்தம் ‘பிக்’ மேல் விழும். வினையில், நடுவில் ‘இட்’ வந்தால், அழுத்தம் ‘அப்’புக்குப் போய்விடும், வேகமாகச் சொல்லும்போது மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு ‘பிக்கிடப்’ என்று ஒலிக்கும். ஆங்கிலப் படங்களில் இதைக் கேட்டு என்ன சொல் என்று தேடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மூன்றாவது சொல் சேர்ந்தால்

‘பிக் அப் ஆன்’ என்று ‘ஆன்’ சேர்ந்தால் அது வேறு வினை: மற்றவர் சொல்லாமலே குறிப்பறிவது. முகம் வாடியிருப்பதைக் கவனித்தாள் என்பதற்கு இணை ‘நோட்டீஸ்’. ‘பிக் அப் ஆஃப்டர்’ என்றால் ஒருவர் போட்டுவிட்டுப் போனதை இன்னொருவர் பொறுக்கி எடுத்துச் சுத்தம் செய்வது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தினமும் நடப்பது. மூன்று சொல் சேர்ந்த இந்தக் கூட்டங்களை உடைக்கக் கூடாது. பிரதிப்பெயரும் கடைசியில்தான் வரும்: ‘பிக் அப் ஆன் இட்’.

அகராதியில் எங்கே தேடுவது

அச்சு அகராதியில் ‘பிக் அப்’ என்று தேடாமல் ‘பிக்’ என்ற தலைச்சொல்லுக்குப் போங்கள். அதன் பொருள்கள் முடிந்த பிறகு ஃப்ரேசல் வெர்ப்கள் தனிப் பகுதியாக இருக்கும். கற்போருக்கான அகராதிகள் சிலவற்றில் செயப்படுபொருளுக்கும் ‘அப்’புக்கும் நடுவே இரு பக்கமும் முனை உள்ள ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அம்பு இருந்தால் செயப்படுபொருளை இடம் மாற்றலாம். அம்பு இல்லாமல் செயப்படுபொருள் நடுவில் மட்டும் காட்டப்பட்டிருந்தால் அது அங்கேயே இருக்க வேண்டும். செயப்படுபொருளே காட்டப்படவில்லை என்றால் அது பெரும்பாலும் வியாபாரமும் காற்றும் ஏறும் இரண்டாம் காட்சி. பொருளை நோட்டில் குறிக்கும்போது சொல்லை மட்டும் எழுதாமல் கூட வரும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்: ‘பிக் அப் எ கோல்ட்’, ‘பிக் அப் ஸ்பீட்’, ‘பிக் அப் த பில்’ என்று ஒவ்வொன்றும் ஒரு தனி வரியாக.